பங்கு போட முடியாதது

நன்கொடை கேட்டு வருகிறவர்களுக்கு மதாம் செல்வாம்பாள் முதலில் காபி கொடுப்பார். அது உபசாரம் இல்லை. டம்ளரைப் பிடிக்கும் கையில் மோதிரம் இருக்கிறதா, கட்டியிருப்பது என்ன வாட்ச், ரசித்துக் குடிக்கிறாரா, அவசரமாகக் குடிக்கிறாரா என்று பார்ப்பதற்காக. ரசித்துக் குடித்தால் சுகவாசி. அவசரமாகக் குடித்தால் எதையோ மறைக்கிறார்.

எனக்கும் காபி வந்தது. நான் தொடவில்லை.

“ஏன் குடிக்கல?”

“பழக்கமில்ல மதாம். டீதான்.”

“ம்...” என்று அவர் இழுத்ததில், டீ குடிக்கிறவர்கள் மேலும் அவருக்கு ஒரு சந்தேகம் உண்டு என்று தெரிந்தது.

சுனாமிக்கு அடுத்த வருஷம் முடிந்து, தை பிறந்திருந்தது. ஊரே அவரை ‘மதாம்’ என்று அழைக்கக் காரணம், பிரெஞ்சு ராணுவத்தில் இருந்த அவர் கணவர். அவர் போய்ப் பல வருஷம் ஆகிறது. பிள்ளைகள் இல்லை. உப்பளம் பகுதியில் இருந்த வீட்டின் மாடியில் மதாம் தனியாக இருந்தார். கீழே தெருவைப் பார்த்த பெரிய கூடத்தில்தான் எங்கள் மாலை வகுப்பு. ஓர் அறக்கட்டளை இலவசமாக நடத்தும் கணக்கு, கம்ப்யூட்டர் வகுப்பு. கூடத்துக்கு வாடகை கிடையாது. அந்தக் கூடத்தை இப்போது இன்னும் இரண்டு பேர் கேட்டிருந்தார்கள். கண்புரை ஆபரேஷன் செய்துவைக்கும் அமைப்பு ஒன்று, ஊருக்குள் பரிசோதனை செய்ய இடம் வேண்டும் என்றது. மீனவப் பெண்களுக்கு ஐஸ் பெட்டி கொடுக்கும் சங்கம் ஒன்று, சாமான் வைக்க இடம் வேண்டும் என்றது. மதாம் தன் காலத்துக்குப் பிறகும் செல்லும்படி ஒருவருக்கே எழுதிவைக்கப் போவதாகச் சொல்லிவிட்டார்.

“மூணு பேரும் நல்லவங்களாத்தான் பேசறாங்க. அதான் பயமா இருக்கு. நீ போய்ப் பாத்துட்டு வா. எதுக்குக் குடுத்தா அதிகமா நல்லது நடக்கும்னு வந்து சொல்லு.”

“நான் இந்த கிளாஸ்ல படிக்கிறவ மதாம். நான் சொன்னா எப்படி...”

“தெரியும். உங்க வாத்தியாரு போர்டுல போடற கூட்டலை பெஞ்சுக்கு அடியில கால்குலேட்டர்ல போட்டுப் பாக்கறவ நீதான? மாடிப்படியிலேருந்து பாத்தேன். அந்தப் புத்திதான் எனக்கு வேணும்.”

அது பாராட்டா, குற்றச்சாட்டா என்று புரியாமல் எழுந்து வந்தேன்.

கீழே கலைச்செல்வன் சார் காத்திருந்தார். விஷயம் அவருக்கு ஏற்கெனவே தெரிந்திருந்தது. “நம்ம பூர்ணிமாகிட்ட குடுத்துட்டாங்க. இனிமே என்னா கவலை?” என்று வகுப்பு முழுக்கக் கேட்கும்படி சிரித்தார். மதாமிடம் என் பெயரைச் சொன்னதே அவராக இருக்குமோ என்று தோன்றியது. அன்று அவர் போர்டில் போட்ட கணக்கையும் சரிபார்த்தேன். சரியாகத்தான் இருந்தது.

எனக்கு இந்தக் கூடம் எவ்வளவு வேண்டும் என்பதையும் சொல்லிவிட வேண்டும். பகலில் ஒரு ஜவுளிக்கடையில் பில் போடுகிறேன். எங்கள் ஊர் பாகூர் பக்கம். அப்பா விவசாயி. சாயங்கால வகுப்புக்கு அவர் ஒப்புக்கொண்டது இரண்டு காரணங்களால்தான். இலவசம், வகுப்பு முடிந்து நடந்தால் எங்கள் ஊர்க் கடைசி பஸ்ஸைப் பிடித்துவிடலாம். வகுப்பு வேறு இடத்துக்குப் போனால் பஸ் கிடைக்காது. சித்திரையில் பரீட்சை. அது முடிந்தால் கடையின் ஆபீஸ் அறைக்கு மாற்றுவதாக முதலாளி சொல்லியிருந்தார். முடியாவிட்டால் கவுன்ட்டர்தான், கல்யாணம் வரைக்கும்.

நான் கடையின் மதியச் சாப்பாட்டு நேரத்தில் டைரி எழுதுகிறவள். அன்று எழுத உட்கார்ந்தபோது முதல் வரியிலேயே மாட்டிக்கொண்டேன். கண்ணையும் கணக்குப் பாடத்தையும் ஐஸ் பெட்டியையும் ஒரே தராசில் எப்படி வைப்பது? வழி காட்டியது எங்கள் முதலாளி கமலக்கண்ணனின் வாய். ஆடித் தள்ளுபடியில் கூட்டம் அலைமோதும்போதெல்லாம் அவர் கல்லாவில் உட்கார்ந்து புலம்புவார்: “இவன் தள்ளுபடி போடலைன்னாலும் வாங்கியிருப்பானோ?” அதுதான் கேள்வி. இது இல்லாவிட்டாலும் நடந்திருக்குமா? நடந்திருக்கும் என்றால் அந்தப் பெருமை தள்ளுபடிக்குச் சேராது. மூன்றையும் இந்த ஒரு கேள்வியால் பார்ப்பது என்று முடிவு செய்தேன்.

முதலில் என் வகுப்பு. பக்கத்து பெஞ்ச் அபியிடம் கேட்டேன். “இந்த கிளாஸ் இல்லைன்னா என்னடி பண்ணியிருப்ப?”

“நெல்லித்தோப்புல இருக்கற கிளாஸ்ல பீஸ் கட்டிப் படிச்சிருப்பேன். எங்க மாமா கட்டறேன்னாரு. ஏன்?”

“சும்மா.”

“சும்மாவா? நம்ம தலையில நாமளே மண்ண வாரிப் போட்டுக்கறதுக்குக் கெளம்பியிருக்கியா? மதாம்கிட்ட சொல்றதுக்கு முன்னாடி என்கிட்ட சொல்லு.”

முன்பு படித்து முடித்தவர்களையும் தேடிப் போய்க் கேட்டேன். பெரும்பாலும் அபியின் பதில்தான். எப்படியாவது வேறெங்காவது படித்திருப்பார்கள். படிக்க வழியே இல்லாதவர்கள் என்று என்னையும் சேர்த்து வெகு சிலர். என்னைச் சேர்க்கலாமா என்பதே சந்தேகம். நான் அடம்பிடித்து அழுதிருந்தால் அப்பா பீஸ் கட்டியிருக்க மாட்டாரா?

கண் அமைப்பில் ஒரு நர்ஸம்மா, ஆபரேஷன் ஆனவர்களை வரவழைப்பதாகச் சொன்னார். வேண்டாம் என்றேன். அவர்கள் வரவழைக்கிறவர்கள் அவர்கள் சொல்லிக்கொடுத்ததைத்தானே சொல்வார்கள்? சாரம் என்கிற பகுதியில் ஒரு ரேஷன் கடை வரிசையில் நின்று, இந்தப் பக்கம் யாருக்குக் கண் ஆபரேஷன் ஆனது என்று நானே விசாரித்தேன். அப்படியும் போன வீடெல்லாம் ஒரே வார்த்தை: “கடவுளாட்டம் வந்தாங்க.” ஒரே மாதிரி வந்து விழும் வார்த்தை எனக்குப் பிடிப்பதில்லை. எங்கள் கடையிலும் விற்பனைப் பெண்கள் எல்லோரும் ‘சாயம் போகாது’ என்று ஒரே மாதிரிதான் சொல்வார்கள்.

பூக்கட்டும் அன்னக்கிளியம்மா வீட்டிலும் அதையே சொன்னதும், நான் எழுந்து கதவோரம் தள்ளி நின்றுகொண்டு, “நிஜமாவே நல்லாத் தெரியுதாம்மா?” என்று கேட்டேன்.

அவர் கட்டுகிற நாரை விடாமல் என்னை நிமிர்ந்து பார்த்தார். “உன் எடது காதுல கம்மலு கவரிங்கு. ஓரத்துல ஒரு கல்லு உழுந்துட்டுது. பசை வெச்சி ஒட்டியிருக்கிற. போதுமா, இன்னும் சொல்லட்டுமா?”

கை தானாகக் காதுக்குப் போனது. அவர் மருமகள் உள்ளே சிரித்தாள்.

“ஆபரேஷன் ஆகலைன்னா என்ன பண்ணியிருப்பீங்க?”

“என்னா பண்ணியிருப்பேன்? இவ போடறத தடவித் தடவித் தின்னுகினு இருந்திருப்பேன். கொழம்புல மீன் துண்டு இருக்குதா, வெறும் முள்ளு இருக்குதான்னு அவளுக்கு மட்டுந்தான் தெரியும். இப்ப எனக்கும் தெரியுது. அதான் இந்த மருமவ அம்மாவுக்கு என் மேல கோவம்.”

சிரிப்புச் சத்தம் நின்றுவிட்டது.

காசு கொடுத்துச் செய்திருப்பார்களா என்று இருவரையும் பார்த்துக் கேட்டேன். வயசானவளுக்கு எதற்கு என்று விட்டிருப்போம் என்று மருமகளே சொன்னாள். மறைக்காமல் சொன்னதால் நம்பினேன். கண் அமைப்பின் மேல் எனக்கிருந்த சந்தேகம் அந்தக் கம்மலோடு போயிற்று.

மூன்றாவது, ஐஸ் பெட்டி. சங்கத்தை நடத்தும் சுப்ரமணி சார் கதர்ச் சட்டைக்காரர். பேசும்போது கண்களைக் கீழே போட்டுக்கொள்வார். வீராம்பட்டினத்தையும் தாண்டித் தெற்கே இருக்கும் ஒரு குப்பத்துக்கு என்னைத் தன் ஸ்கூட்டரில் அழைத்துப் போனார். வீட்டுக்காரர் இல்லாத மீன்காரப் பெண்களுக்கு மட்டும்தான் பெட்டி என்று வழியெல்லாம் சொன்னார். ஐஸ் இல்லாத மீனின் விலை வெயில் ஏற ஏற இறங்கும். பெட்டி இருந்தால் காலை மீனைச் சாயங்காலமும் விற்கலாம். கேட்பதற்கு மூன்றிலும் இதுதான் கெட்டியாக இருந்தது.

தனக்கொடி என்கிற அக்காவின் வீட்டு வாசலில் நீலப் பெட்டி இருந்தது. “பெட்டி வந்ததுலேருந்து நல்லா இருக்கறோம்,” என்றார் அக்கா. சொன்னது என்னிடம் இல்லை, சுப்ரமணி சாரிடம்.

“தொறந்து பாக்கலாமா?”

சுப்ரமணி சார் மணியைப் பார்த்தார். நான் மூடியைத் தூக்கினேன்.

மீன் வாடை இல்லை. பாச்சை உருண்டை வாசனை வந்தது. ஜவுளிக்கடையில் நாள் முழுக்க மூச்சு விடுகிறவளுக்கு அந்த வாசனை தெரியாமல் போகாது. அது பட்டுப்புடவை வைத்த பெட்டி.

சார் மறுபடி ஸ்கூட்டரில் கொண்டுவந்து விட்டார். ஒரே பெட்டியை வீடு வீடாக மாற்றி வைத்துக் காட்டுகிறார்கள் என்று டைரியில் எழுதினேன். பேனாவை மூடியபின் ஒரு பயம் வந்தது. எனக்கு வேண்டிய பதில் எவ்வளவு சீக்கிரம் கிடைத்துவிட்டது! ஐஸ் பெட்டி மோசடி என்றால் போட்டியில் ஒருவர் குறைந்தார். விஷயம் எப்படியோ தெரிந்து, கலைச்செல்வன் சார் வகுப்பு முடிந்ததும் என்னை நிறுத்தினார்.

“அவன் திருடன்னு எனக்கு அப்பவே தெரியும். மதாம்கிட்ட சொல்லிடு.”

“இன்னொரு தபா பாக்கணும் சார்.”

“பாத்ததையே எத்தினி தபா பாப்ப? அடுத்து அந்தக் கண்ணுக்காரங்களையும் நீ கழிச்சுக் கட்டணும், தெரியும்ல?”

தனக்கொடியக்காவை மறுபடி பார்க்கக் குப்பத்துக்குப் போக வேண்டியிருக்கவில்லை. வகுப்புக்கு நடந்து போகும்போது உப்பளத்துத் தெருவிலேயே கண்ணில் பட்டார். அலுமினிய அன்னக்கூடையில் ஈரச் சாக்கு போட்டு மூடிய மிச்சச் சங்கரா மீன். பெட்டி இல்லை.

“அக்கா, பெட்டி எங்க?”

“வூட்ல இருக்குது.”

“யாரு வூட்ல?”

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். “நீதான மூக்கை வுட்டு மோந்து பாத்தவ? உனக்கு இன்னும் என்னா வேணும்? மீனு வாங்கறியா?”

“பாச்சை உருண்டை வாசனை வந்துதேக்கா.”

“வரும். பெட்டி இப்ப இருக்கற வூட்டம்மா பட்டுப்பொடவ வெச்சிருக்குது அதுல. நீங்க வர்றீங்கன்னு அன்னிக்கு எறவல் வாங்கியாந்தேன்.” சுற்றும் பார்த்துவிட்டுக் குரலை இறக்கினார். “குந்து இப்பிடி. நின்னுகினு கேட்டா எல்லாரும் பாப்பாங்க.”

உட்கார்ந்தேன். அவர் சொன்னதை எனக்குப் புரிந்த வரைக்கும் எழுதுகிறேன். அந்தக் குப்பத்தில் வெளியிலிருந்து எது வந்தாலும், யார் பெயருக்கு வந்தாலும், அது ஊருக்கு வந்ததுதான். கோயில் வாசலில் வைத்துத் தலைக்கட்டுக்கு ஒன்று என்று பங்கு போடுவார்கள். படகு வந்தபோதும் அப்படித்தான். பாத்திரம் வந்தபோதும் அப்படித்தான். அதனால்தான் நிவாரணம் என்று வந்த காலத்தில் அங்கே அடிதடி இல்லை. யாருக்கும் யார் மேலும் பொறாமை இல்லை. ஆனால் தலைக்கட்டு என்றால் ஊர் வரி கட்டுகிற, கல்யாணமான ஆண். புருஷன் போனால் வரி போகும். வரி போனால் பங்கும் போகும்.

“அப்ப உங்களுக்குன்னே வந்த பெட்டி?”

“போட்டா எடுக்கற வரைக்கும் என்னுது. சாயங்காலமே கோயிலாண்ட போயிடுச்சி.”

“சுப்ரமணி சாருக்குத் தெரியுமா?”

“தெரியாம? அவரும் வந்து கெஞ்சித்தான் பாத்தாரு. ஊரை மீறிக் குடுத்தா அடுத்த தபா உள்ளயே வர முடியாது. அதுக்கு மேல உங்களாட்டம் ஆளுங்களுக்கு வேற பெட்டியக் காட்டணும்.” சாக்கைத் தூக்கி மீனைத் திருப்பிப் போட்டார். “அவரு திருடன் இல்ல. எங்க ஊரும் திருட்டு ஊரு இல்ல. நான் சொன்னேன்னு எங்கியாவது சொன்ன, என்னை ஊரை வுட்டுத் தள்ளி வெச்சிடுவாங்க. பாத்துக்க.”

“சொல்ல மாட்டேன்க்கா.”

“சொல்ல மாட்டேன்னு சொல்றவங்கதான் சொல்லுவாங்க. மீனு வாங்கிக்க. சும்மா பேசிகினு இருந்தா சந்தேகப்படுவாங்க.”

வாங்கிக்கொண்டேன். அன்று வகுப்பில், மீன் வாடையோடு போன என் பக்கத்தில் யாரும் உட்காரவில்லை.

மதாமிடம் போகும் நாளை இரண்டு முறை தள்ளிப்போட்டேன். பதில் தெரியாமல் இல்லை. எந்தப் பக்கம் திருப்பிப் பார்த்தாலும் ஒரே இடத்தில்தான் வந்து நின்றது. வகுப்பு இல்லாவிட்டாலும் பெரும்பாலோர் படித்திருப்பார்கள். பெட்டி வந்தும் வேண்டியவர்களுக்குப் போய்ச் சேரவில்லை. கண் மட்டும்தான், இது இல்லாவிட்டால் நடந்திருக்காது. நடந்தது உரியவர்களிடமே நிற்கிறது. ஆனால் அந்தப் பதிலோடு என் பரீட்சையும் போகும். சொல்லாமல் விட ஏதாவது காரணம் கிடைக்குமா என்று டைரியைப் புரட்டினேன். நான் பார்த்தது சில வீடுகள்தானே? அன்னக்கிளியம்மா ஒருத்தியை வைத்து எல்லாக் கண்ணையும் சொல்லலாமா? எல்லாம் நியாயமான சந்தேகங்கள்தான். என் வகுப்புக்குச் சாதகமாக மட்டும் அவை வரிசையாக வந்து நின்றதுதான் எனக்கு உறுத்தியது.

இந்த முறை மதாம் டீ போட்டு வைத்திருந்தார். குடித்தேன்.

“கண்ணுக்குக் குடுங்க மதாம்.”

அவர் முகம் மாறவில்லை. “உன் கிளாஸ்?”

“அதுவும் நல்லதுதான். ஆனா இங்க நடக்கலைன்னா வேற எங்கியாவது நடக்கும்.”

“ஐஸ் பெட்டி?”

“வேணாம்.”

“ஏன் வேணாம்? அந்த ஆளு ஏமாத்தறானா?”

“இல்ல மதாம்.”

“அப்பறம்? உனக்கு என்னமோ தெரியும். மறைக்கிற.”

“அதை நான் சொல்லக் கூடாது.”

“ஓஹோ.” கையிலிருந்த டம்ளரை வைத்தார். “கண்ணுக்காரங்க உனக்கு என்னா குடுத்தாங்க?”

இந்தக் கேள்வியை நான் எதிர்பார்த்திருக்க வேண்டும். எதிர்பார்க்கவில்லை. என் வகுப்பைச் சொன்னால் சுயநலம் என்பார் என்று பயந்தேனே தவிர, சொல்லாவிட்டால் லஞ்சம் என்பார் என்று தோன்றவில்லை. ஒன்றும் வாங்கவில்லை என்று சொல்லலாம். வாங்கினவளும் அதையேதான் சொல்வாள்.

“பங்கு போட முடியாததாப் பாத்துக் குடுங்க மதாம்,” என்றேன். “பெட்டின்னா, குடுத்தவங்க திரும்பிப் போனதும் பங்கு போட்டுடலாம். கண்ணைப் பங்கு போட முடியாது. யாருக்கு ஆபரேஷனோ அவங்க முகத்துலதான் இருக்கும்.”

மதாம் திடீரென்று சிரித்தார். அவர் சிரித்து நான் பார்த்ததில்லை.

“எங்க மாமனாரு செத்தப்ப மூணு மருமவளுங்களும் பாகம் பிரிச்சோம். அம்மி ஒருத்திக்கு, கொழவி ஒருத்திக்குப் போச்சி. ஆறு மாசம் எந்த வூட்லயும் சட்னி இல்ல.” சிரிப்பைத் துடைத்துவிட்டு மறுபடி பழைய முகத்தைப் போட்டுக்கொண்டார். “சரி. உனக்கு இதுல என்னா லாபம்?”

“ஒண்ணும் இல்ல. கிளாஸ் போயிடும். எனக்கு பஸ்ஸும் கிடைக்காது.”

“அதான் எனக்குச் சந்தேகமா இருக்குது,” என்றார். ஆனால் கண்ணுக்கே எழுதிவைத்தார்.

வகுப்பு சாரத்தில் ஒரு தையல் கடை மாடிக்கு மாறியது. பெஞ்சுகளை வண்டியில் ஏற்றிய அன்று கலைச்செல்வன் சார் என்னிடம் பேசவில்லை. அபி மட்டும், “கெட்டிக்காரிடி நீ. உன் காலை நீயே எவ்ளோ கரெக்டா வெட்டிக்கிட்ட,” என்றாள். முதல் வாரம் சாரத்துக்குப் போனேன். பாதி வகுப்பில் எழுந்து ஓடியும் கடைசி பஸ் போய்விட்டது. ஷேர் ஆட்டோ பிடித்து, நடந்து, வீட்டில் திட்டு வாங்கினேன். அதோடு நின்றது. கவுன்ட்டர் எனக்குப் பழகின இடம்தான்.

வகுப்பை விட்டதை அப்பாவிடம் சொல்லவில்லை. அதனால் கடை விட்டபின் கடைசி பஸ் வரை நேரம் இருக்கிறது. கால் பழைய வழியில்தான் போகிறது. கரும்பலகை இருந்த சுவரில் இப்போது எழுத்துகள் சின்னதாகிக்கொண்டே போகும் அட்டை தொங்குகிறது. சரியாகத்தான் சொன்னேனா, சரியானவளாகத் தெரிய வேண்டும் என்று சொன்னேனா என்று வாசற்படியில் உட்கார்ந்து யோசிப்பேன். இதற்குச் சரிபார்க்கக் கால்குலேட்டர் இல்லை.

ஒரு நாள் தனக்கொடியக்கா அன்னக்கூடையோடு வந்து நின்றார். கூடத்தை எட்டிப் பார்த்தார்.

“கண்ணு பாக்கற எடமாமே? நீதான் குடுக்கச் சொன்னியாம்.”

“ஆமாக்கா. நீங்களும் ஒரு தபா காட்டிக்குங்களேன்.”

“என் கண்ணு நல்லாத்தான் இருக்குது. உங்க நல்லது எப்பவும் இப்பிடித்தான். இருக்கறதையே குடுப்பீங்க.” மாடிப்படிக்கு அடியில், முன்பு எங்கள் பெஞ்சுகளை அடுக்கிவைத்திருந்த காலி மூலையைப் பார்த்தபடி நின்றார். “இந்த எடம் சும்மாதான கெடக்குது?”

“ஏன்க்கா?”

“ஊருக்குள்ள வந்தாத்தான பங்கு? வரலைன்னா?”

எனக்கு உடனே புரியவில்லை. புரிந்தபோது, இதில் யார் மாட்டுவார்கள் என்றுதான் முதலில் யோசித்தேன். வேறு யாரும் இல்லை, நான் மட்டும்தான் என்று தெரிந்ததும் மனசு லேசாகிவிட்டது.

அடுத்த வாரம், மீன் கம்பெனி கழித்துப்போட்ட தெர்மகோல் பெட்டி ஒன்று படிக்கு அடியில் வந்து உட்கார்ந்தது. அக்கா காலையில் ஐஸும் மீனும் போட்டுவிட்டு, சாயங்காலம் எடுத்து அதே தெருவில் விற்றார். மீன் கண் கலங்காமல் இருந்தது.

நான் படியில் உட்கார்ந்திருந்த ஒரு சாயங்காலம், மேலேயிருந்து மதாமின் குரல் வந்தது.

“அது யாரு பெட்டி?”

அக்கா அப்போதுதான் தெருமுனை திரும்பியிருந்தார். நான் எழுந்து நின்றேன்.

“என்னுது மதாம்.”

“உன்னுதா? பாகூர்க்காரிக்கு ஐஸ் பெட்டி எதுக்கு?”

மதாம் கைப்பிடிச் சுவரில் சாய்ந்து, பெட்டியையும் தெருமுனையையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். காபி டம்ளரைப் பிடிக்கும் கையைப் பார்ப்பாரே, அதே பார்வை.

“அன்னிக்கு நீ சொல்லாம முழுங்கினது இதானா?”

நான் குனிந்து பெட்டியின் மூடியை அழுத்தி மூடினேன்.

“சொல்லாத. இப்பவும் சொல்லாத,” என்றார். உள்ளே போகத் திரும்பியவர் நின்றார். “நாளைக்கு வஞ்சிரம் இருந்தா எனக்கு ரெண்டு துண்டு எடுத்து வெக்கச் சொல்லு. நடுத்துண்டா. வால் பக்கம் வெச்சி ஏமாத்தினா எனக்குத் தெரியும்.”